கொம்பையாவின் துடிப்பு

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? முதுகுவலி குறைந்ததா? நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகிய வயிறு இப்போதாவது சொன்னபடி கேட்கிறதா? ஊருக்கெல்லாம் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் மாத்திரையை மறந்துபோகிற கூட்டம் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். எழுந்துபோய் அதைப் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். மடல் எங்கேயும் ஓடிவிடாது.

வழக்கமாக இந்த மடலில் யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பதவி உயர்வு, யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று எழுதுவேன். இந்த முறை அதெல்லாம் இல்லை. கொம்பையா என்கிற ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டார் இதைப் படிப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெபமணி. பொருநைப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசர சிகிச்சைத் துறையில், உயிருக்குப் போராடுகிறவர்களைக் கிடத்துகிற சிவப்பு அறையின் தலைமைச் செவிலியாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, துறையில் படித்து வெளியே போன மருத்துவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். 'வாய் ஓயாதவர்களுக்கு ஏற்ற வேலை' என்று உங்களில் ஒருவர் சொன்னதும் என் காதுக்கு வந்தது. யார் என்றும் தெரியும். போகட்டும்.

அந்த மேசையில் நான் உட்கார்ந்த புதிதில் யாருமே பதில் எழுதமாட்டார்கள். போன் போட்டால் எடுக்கமாட்டார்கள். ஒரு நாள் துறைத் தலைவர் அருளப்பன் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"சிஸ்டர், நம்ம பிள்ளைய போனா போன இடம்தான், திரும்பியே பாக்க மாட்டேங்காவளே, ஏன்?"

"பாக்கதுக்கு இங்க என்ன சார் இருக்கு? செவந்த கண்ணும் காஞ்ச வாயுமா நின்ன எடம்."

"அது இல்ல. மத்த டிபார்ட்மெண்டுல ஆபரேஷன் முடிஞ்ச ஆளு ஒரு வருஷம் கழிச்சு வாழத்தாரோட வந்து நிப்பான். நம்மகிட்ட யாரு வாரா? மூச்ச நிக்கவிடாம மேல வார்டுக்கு அனுப்புதோம். அதோட சரி. இருக்கானா போயிட்டானா, நமக்குத் தெரியாது. முடிவு தெரியாத எடத்துக்கு எவன் சிஸ்டர் திரும்பி வருவான்?"

"அதுக்கு?"

"தெரிய வச்சிருவோம்."

அப்படிப் பிறந்ததுதான் காப்பு. பொறியியல் துறைக்காரர்களோடு உட்கார்ந்து செய்தார். சிவப்பு அறையில் பிழைத்த நோயாளி சம்மதித்தால், இடது புஜத்தில் தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு விதையை வைப்பார்கள். காப்பாற்றிய மருத்துவர் படிப்பை முடித்துப் போகும்போது கையில் ஒரு காப்பு போட்டு அனுப்புவோம். ஒவ்வொரு விதைக்கும் காப்பில் ஒரு மணி. மணியில் விரலை வைத்தால், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், அந்த மனிதரின் நாடி விரல்நுனியில் துடிக்கும்.

"வேவு பாக்கதா சார் இது?" என்று கேட்டேன்.

"வேவு பாக்கணும்னா எடத்தச் சொல்லணும், பேச்சக் கேக்கணும். இது ஒண்ணையும் சொல்லாது. இருக்கேன், இருக்கேன்னு மட்டும் சொல்லும். அதுல என்ன தப்பு?"

எனக்கும் தப்பாகத் தெரியவில்லை.

காப்பு வந்த பிறகு நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். மஸ்கட்டிலிருந்து, மதுரையிலிருந்து, கப்பலிலிருந்துகூட போன் வந்தது. வருடாந்திரக் கூட்டத்துக்கு இடம் போதவில்லை. அதோடு வேறு சிலதும் வந்தன. யார் காப்பில் மணி அதிகம் என்று பார்க்கிற பழக்கம் வந்தது. வேலைக்கு எடுக்கும்போது கையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கையையும் பார்த்தார்கள். பிழைக்கமாட்டார் என்று தெரிந்த நோயாளியின் கட்டிலுக்குப் போகப் பயிற்சி மருத்துவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள், மணி சேராதே. ஒரு மணி அடங்கினால் இழவு வீட்டில் துட்டி கேட்கிற மாதிரி சக மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முகம்கூட மறந்துபோன ஒருவருக்காக மூன்று நாள் விடுப்பு எடுத்தவரும் உண்டு. எல்லாம் நடந்தது. நல்லது கெட்டது சொல்ல இந்த மடல் இல்லை.

சங்கரவடிவை உங்களில் பலருக்குத் தெரியும். வடிவு என்றால்தான் தெரியும். அயர்லாந்தில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். அவள் காப்பில் ஆரம்பத்திலேயே மூன்று மணிதான். அதில் இரண்டு பேர் வயதானவர்கள். காலம் வந்து போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு மணி. அது கொம்பையா.

கொம்பையா சங்கரன்கோவில் போகிற வழியில் கீழப்பாறைக்குளத்துக்காரர். மானாவாரி விவசாயி. பருத்திக்கு அடிக்க வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தார். ஏன் குடித்தார் என்பது அவர் வீட்டு விஷயம். வடிவு அப்போது கடைசி வருட மாணவி. அவர் கண் திறக்கும்வரை அவள் விடுதிக்குப் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டிலேயே தூங்கினாள். விதை வைக்கலாமா என்று கேட்டபோது அவர் வடிவைக் காட்டி, "அந்தப் பிள்ளைக்குன்னா வச்சுக்கிடுங்க" என்றார்.

அயர்லாந்து போன சில வருடங்களில் வடிவின் கையில் ஒரு சின்னக் குழந்தை இறந்துபோனது. அவள்மேல் தவறில்லை என்று அங்கே விசாரித்துச் சொல்லிவிட்டார்கள். அவள் காதில் அது ஏறவில்லை. அந்தச் சமயத்தில்தான் என்னிடம் ஒரு நாள் போனில் சொன்னாள்.

"சிஸ்டர், டூட்டிக்குக் கெளம்பும்போது கதவப் பூட்டுறதுக்கு முன்னால அண்ணாச்சி மணியத் தொட்டுப் பாப்பேன். அது அடிச்சாப் போவேன்."

"அடிக்காட்டா?"

"போகமாட்டேன். அன்னைக்கோட வேலைய விட்டுருவேன். நெசமாத்தான் சொல்லுதேன்."

விளையாட்டாகச் சொல்கிற பெண் இல்லை அவள். அதனால் கொம்பையாவின் நாடி எனக்கும் ஒரு கவலையாகிவிட்டது.

ஆரம்பத்தில் அவள் அவரை அடிக்கடி கூப்பிடுவாள். துடிப்பு கொஞ்சம் ஏறினால் போதும். 'அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் என்ன செஞ்சிய, படபடன்னு அடிச்சிச்சே' என்பாள். மோட்டாரைத் தூக்கினேன், பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், தம்பியோடு வரப்புத் தகராறு என்று அவரும் ஒவ்வொன்றாகச் சொல்வார். பிறகு அந்தத் துடிப்பு அடங்கி ஒழுங்குக்கு வந்தது. வடிவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சிஸ்டர், அண்ணாச்சி ரொம்பத் திருந்திட்டாரு. காலைலயும் சாயங்காலமும் நல்லா நடக்காரு. மத்தியானம் படுத்து ஓய்வெடுக்காரு. ராத்திரி நிம்மதியா ஒறங்குதாரு. குடி கெடையாது, கோவம் கெடையாது. எங்க ஆஸ்பத்திரில ஒரு கூட்டத்துல அவர் நாடியத்தான் உதாரணமாக் காட்டுனேன்."

ஒரே ஒரு குறை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம். தைராய்டு பார்க்கச் சொன்னாள். நானே அவரை வரவழைத்து ரத்தம் எடுத்தேன். சரியாக இருந்தது. மருத்துவர்கள் நாலு பேர் கூடிப் பேசி, 'சிலருக்கு அப்படித்தான்' என்று முடித்தார்கள்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். இங்கே நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்திருக்கிறேன், அங்கே வடிவு வேலைக்குக் கிளம்புகிற நேரம். போன் வந்தது. வணக்கம் இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை.

"சிஸ்டர், கொம்பையா அண்ணாச்சி மறுபடியும் குடிச்சிட்டாரு."

"என்னட்டி சொல்லுத?"

"வெசம். நாடி தாறுமாறா ஓடுது. இது ஓட்டம் இல்ல, பயம் இல்ல, எனக்குத் தெரியும். வண்டிய அனுப்புங்க. போன் அடிக்கேன், யாரும் எடுக்க மாட்டேங்காவ."

நான் ஓய்வு பெற்றவள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. அன்றைக்குப் பணியில் இருந்த மருத்துவர் நவ்ஷாத், மேலப்பாளையத்துப் பையன், முறிமருந்தை எடுத்துக்கொண்டு ஏறினார். நானும் ஏறிவிட்டேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. வடிவு போனிலேயே இருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப எப்படி இருக்கு மேடம்?" என்று நவ்ஷாத் கேட்டுக்கொண்டே வந்தார்.

"வேகமாத்தான் இருக்கு. விட்டு விட்டு அடிக்கி."

மானூர் தாண்டினோம்.

"கொறையுது. ரொம்பக் கொறையுது. டிரைவரண்ணன் கொஞ்சம் அழுத்துங்களேன்."

"அழுத்திட்டுத்தான் வாரேம்மா, ரோட்டுல மாடு நிக்கி" என்றார் ஓட்டுநர்.

நான்தான் இரண்டு தரம் கூப்பிட்டேன்.

"நின்னுட்டு சிஸ்டர்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இறந்த நேரத்தைச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல்கிற குரல். உங்களுக்கெல்லாம் அது தெரியும்.

நவ்ஷாத் போனைப் பார்த்துச் சொன்னார்: "நின்னாலும் நாங்க போயி அமுக்குவோம் மேடம். பத்து நிமிசத்துல சேந்துருவோம். போன வச்சிருங்க, கூப்பிடுதோம்."

கொம்பையா வீட்டு முன்னால் வண்டி நின்றபோது பின்பக்கத்தில் பெண் குரல் அழுவது கேட்டது. நவ்ஷாத் பையோடு ஓடினார். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கொம்பையா கொல்லையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நவ்ஷாத் அவர் கண் இமையைப் பிதுக்கி டார்ச் அடிக்கிறார்.

"என்ன குடிச்சிய?"

"காலைல காப்பி குடிச்சேன் சார்."

"வெளையாடாதீங்க. மருந்து டப்பா எங்க? வாயத் தெறங்க. ஊதுங்க."

கொம்பையா ஊதினார். அவர் மனைவி முத்துப்பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அவுகள விடுங்க சார். அவுகளுக்கு ஒண்ணுமில்ல. போனது எங்க அயர்லாந்து."

"யாரு?"

அவள் விலகிக் காட்டினாள். வேலியோரம் ஒரு வெள்ளாடு கால் நீட்டிக் கிடந்தது. வாயில் நுரை. கழுத்தில் நீலக் கயிறு.

"மழையில்லாம வாடுன சோளப்பயிர மேஞ்சுட்டு. வெசம்லா அது. பக்கத்துக் காட்டுல போயி மேஞ்சத நாங்க பாக்கல. புளியக் கரைச்சு ஊத்துனோம், ஒண்ணும் கேக்கல" என்றாள்.

நவ்ஷாத் ஆட்டையும் பார்த்தார், கொம்பையாவையும் பார்த்தார். அவசர சிகிச்சைப் படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. நான்தான் கொம்பையாவின் இடது சட்டைக் கையை மேலே தள்ளினேன். விதை இருக்கவேண்டிய இடத்தில் பழைய தழும்பு. தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

"எங்க வச்சிய?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்தான் எடுத்தாவ சிஸ்டர். எடுத்து ஆட்டுக் கழுத்துல வச்சுத் தச்சிட்டாவ." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டாக்டரம்மாகிட்ட சொல்லிராதிய. இதோட குட்டி ஒண்ணு நிக்கி. அதுல மாத்தி வச்சிருவோம். கொஞ்ச நேரம் தொடர்பு விட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம்."

"அந்தம்மா நீங்க செத்துட்டியன்னு உக்காந்திருக்காவ, அண்ணாச்சி."

அவர் தலையைத் தூக்கினார். என் கையில் போன் அடிக்க ஆரம்பித்தது. வடிவு.

நவ்ஷாத், "சொல்லணும் சிஸ்டர்" என்றார். முத்துப்பேச்சி, "சொல்லாதிய" என்றாள். நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. கொம்பையா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக்கொண்டார்.

"டாக்டரம்மா, நான் கொம்பையா பேசுதேன்."

மறுகையால் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

"நான் உசுரோடதாம்மா இருக்கேன். செத்தது எங்க ஆடு."

"என்னது?"

"வெள்ளாடும்மா. உங்க விதை அதுக்குள்ளதான் கெடந்துச்சு. ரொம்ப வருசமா."

"அப்ப நான் தெனமும் கேட்டுக்கிட்டு இருந்தது..."

"ஆமாம்மா."

தொடர்பு அறுந்தது. அவள் வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது நவ்ஷாத் பிரிக்காத முறிமருந்தைப் பெட்டியில் எடுத்து வைத்தார். பிறகு, "சிஸ்டர், கேஸ் ஷீட்ல என்ன எழுத?" என்றார்.

"நோயாளி நலம்னு எழுதுங்க."

"எந்த நோயாளி?"

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது தப்பு என்று உடனே தோன்றியது.

அதன் பிறகு வடிவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் போட்ட போனை எடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டாளா என்று அவளோடு அங்கே இருக்கிற நம் பிள்ளைகளிடம் விசாரிக்கலாம் என்றால், என்னவென்று விசாரிப்பது? 'ஆடு செத்ததால் ராஜினாமா செய்தாளா?' என்றா?

பொங்கல் முடிந்த வாரத்தில் பெட்டியோடு என் மேசை முன்னால் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கையில் காப்பு இருந்தது.

"கீழப்பாறைக்குளத்துக்கு வழி தெரியுமா சிஸ்டர்?" என்றாள். அவரைக் காப்பாற்றியவள் அவள். அத்தனை வருடம் பேசியவள் அவள். அவர் ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

போனோம். கொம்பையா வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முத்துப்பேச்சிதான் பாய் விரித்தாள். உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"ஏன் அண்ணாச்சி?" என்றாள் வடிவு. "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருக்கலாம்லா? எடுத்து விட்டுருப்போம்."

கொம்பையா வாயைத் திறப்பதற்குள் முத்துப்பேச்சி முந்திக்கொண்டாள்.

"இவுக ஆஸ்பத்திரில இருந்து வந்து எங்கூட மொகம் குடுத்துப் பேசவே ஆறு மாசம் ஆச்சு டாக்டரம்மா. பேசி, ஒரு நாள் ரெண்டு பேரும் நல்லா இருந்தோம்னா, மறுநா காலைல ஒங்க போனு. நேத்து ராத்திரி ஏன் நாடி ஏறிச்சுன்னு. எங்க வீட்டுக்குள்ள நடக்கது அயர்லாந்து வரைக்கும் தெரியுதாக்கும்னு எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுச்சு."

வடிவு முகம் சிவந்து கீழே பார்த்தாள். நான் களியைப் பார்த்தேன்.

"ஏ, சும்மா இரு" என்றார் கொம்பையா. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது மட்டும் இல்லம்மா. நீங்க ஒவ்வொரு தடவ கூப்புடும்போதும் எனக்குத் தெரியும், இவன் மறுபடி குடிச்சிருவானோன்னு நெனச்சுத்தான் கூப்புடுதியன்னு. நான் மம்பட்டியத் தூக்குனாலும் அதான், சிரிச்சாலும் அதான். ஒருத்தர் நம்மளப் பத்தி அதையே நெனச்சுக்கிட்டிருந்தா நமக்கும் அதே நெனப்புதான வரும்? அந்த விதை கைக்குள்ள கெடக்க வரைக்கும் நான் மருந்து குடிச்சவன்தான். ஒரு நாளு மருந்துக் கடை வாசல்ல போயி நின்னுட்டேன். எதுக்கு நின்னேன்னு எனக்கே தெரியல. அன்னைக்குத்தான் எடுத்துரணும்னு தோணுச்சு."

"எடுத்துத் தூர எறிஞ்சிருக்கலாமே?"

"எப்படி எறிய? இந்த மணி நின்னா நான் வேலைய விட்டுருவேன்னு போன்ல எங்கிட்ட நீங்கதான சொன்னிய? எத்தன உசுரக் காக்கிற கையி. எனக்காண்டி நிக்கலாமா?"

வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"அதனால அந்த ஆட்ட நாங்க விக்கல, அறுக்கல. கோயில் கொடைக்கு வெட்டக் கேட்டாவ, குடுக்கல. ஊரே சிரிச்சுச்சு. 'கெழட்டு ஆட்ட எதுக்குல கட்டித் தீனி போடுத'ன்னு. பேச்சி அதுக்கு அயர்லாந்துன்னு பேரு வச்சா. மழையில நனைஞ்சா துடிப்பு மாறி நீங்க பயந்துருவியன்னு வீட்டுக்குள்ள கட்டுவோம்."

"தைராய்டு பாக்க வரச் சொன்னப்ப..." என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"வந்தேம்லா? ஆட்ட ஏத்திட்டு வரவா முடியும்?"

வடிவு சிரித்தாள். சத்தம் இல்லாமல் தோள் மட்டும் குலுங்கிற்று. சிரிப்பா வேறெதுவுமா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. முத்துப்பேச்சி தண்ணீர் கொடுத்தாள்.

"அன்னைக்கு நீங்க பேசினதும் போன வச்சிட்டேன்" என்றாள் வடிவு. "வச்சிட்டு டூட்டிக்குப் போயிட்டேன். எப்படிப் போனேன், எனக்குத் தெரியல. ஒரு பஸ் விபத்து வந்திருந்துச்சு. பாத்தேன். சாயங்காலம் கை கழுவும்போதுதான் நெனப்பு வந்துச்சு, மணி அடிக்காமலே வந்துருக்கோம்னு. மறுநாளும் போனேன்."

"அப்ப விடலியா?"

"விடல, அண்ணாச்சி."

கொம்பையா பெரிய மூச்சு விட்டார். பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, வலது கையைத் திருப்பி, மணிக்கட்டு மேலே தெரியும்படி அவள் பக்கம் நீட்டினார்.

"பாத்துக்கிடுங்க. இது நான்தான்."

வடிவின் விரல்கள் பழக்கத்தில் கொஞ்சம் முன்னால் வந்தன. அப்புறம் நின்றன.

"வேண்டாம்" என்றாள். "களி ஆறிட்டு. சாப்பிடுவோம்."

அவள் அயர்லாந்து திரும்பும் முன் காப்பைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை எடுத்துக்கொண்டு அருளப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "ஒரு ஆளுதானா சிஸ்டர்?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவில்லை.

நானும் நவ்ஷாதுமாகப் போய்ப் பார்த்தோம். வீடு வீடாக, ஊர் ஊராக. மார்கழி மாதத்துப் பாடல்குழு மாதிரி எங்களைப் பார்த்து நாய்கள் குரைத்தன.

விதை இன்னும் தன் கையிலேயே இருக்கிறவர்களும் உண்டு. 'எங்க டாக்டரு கேட்டுக்கிட்டு இருக்காரு' என்று சட்டைக் கையைத் தூக்கிப் பெருமையாகக் காட்டினார்கள். ஆனால் அப்படிக் காட்டியவர்கள் குறைவு. ஒரு விதை பசுமாட்டில் இருந்தது. ஒன்று ஒருவருடைய கொழுந்தனின் கையில். அக்கம்பக்கத்து மூன்று பேரின் விதைகள் ஒரே நாய்க்குள் இருந்த வீடும் உண்டு; மூன்று வேறு வேறு மருத்துவர்கள், மூன்று நாடு. யாரும் கோபத்தில் செய்யவில்லை. 'அவர் மனசு சங்கடப்படக் கூடாதுல்லா' என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்டது.

ஒரு வீட்டில் கல்லூரியில் படிக்கிற பெண் கதவைத் திறந்தாள். அப்பா இருக்கிறாரா என்றோம். சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டினாள். விதையின் துடிப்பைக் காட்டுகிற கருவி ஒன்றைக் கொண்டுபோயிருந்தோம், நவ்ஷாத் அதைப் பார்த்தார். அந்த விதை துடித்துக்கொண்டிருந்தது. அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அப்பா போறதுக்கு முன்னால எங்கிட்ட வைக்கச் சொன்னாங்க. டாக்டர் தனியா இருக்காங்களாம். எனக்கு ஒண்ணும் வலிக்கல. எடுத்துராதீங்க" என்றாள்.

நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் அருளப்பன் முடிவு செய்துவிட்டார். வருகிற பங்குனிக் கடைசியில் காப்பு முழுவதையும் அணைத்துவிடப்போகிறார்கள். அன்றைக்கு உங்கள் கையில் எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். யாரும் இறக்கவில்லை. பயந்து வண்டி அனுப்பாதீர்கள். இதைச் சொல்லத்தான் என்னை இந்த மடலை எழுதச் சொன்னார். அவர் கையிலும் காப்பு உண்டு. அதில் எத்தனை ஆடு என்று நான் கேட்கவில்லை.

யாருடைய மணியில் யார் துடிக்கிறார்கள் என்பது எனக்கும் நவ்ஷாதுக்கும் தெரியும். நாங்கள் சொல்லமாட்டோம். அந்தப் பெண்ணின் அப்பா யாருடைய நோயாளி என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள், பதில் வராது. உங்கள் நோயாளியின் முகவரி கேட்டால் மட்டும் தருவேன். விடுப்பு எடுத்து வாருங்கள். தெரு வரைக்கும் காரில் போகலாம், அதற்கு மேல் நடக்கவேண்டியிருக்கும்.

போய்விட்டு வந்து எனக்கு ஒவ்வொருவரும் எழுதுங்கள். கதவைத் திறந்தது யார், உங்களை அடையாளம் தெரிந்ததா, என்ன பேசினீர்கள், சாப்பிட என்ன கொடுத்தார்கள் என்று விவரமாக எழுதுங்கள். நாடி எத்தனை என்று மட்டும் எழுதவேண்டாம்.